இல்லாத மரத்தின் குறி

நான் உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண் எங்கள் கண்ணாடிப் பெட்டியின் மேல் கைப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பையை எடுங்க," என்றேன். எடுத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் இந்த ஆற்றங்கரை ஊர் எச்சுகாவுக்கு வருகிற பயணிகள் எல்லாரும் இப்படித்தான். தொப்பி, ஐஸ்கிரீம், காலை பத்து மணிப் படகில் ஒரு சவாரி, பிறகு இந்த அருங்காட்சியகத்தில் கால் மணி நேரம். ஆறு தங்களுக்காக ஓடுவதாக நினைப்பு.

பெட்டியில் இருப்பது என் தாத்தா கேப்டன் டங்கன் குரோம்பி கையால் வரைந்த ஆற்று வரைபடம். மர்ரே ஆற்றின் முன்னூறு மைல், ஒரே நீளத் துணியில், இரண்டு உருளைகளில் சுற்றியது. நீராவிப் படகு போகப் போக, கேப்டன் கைப்பிடியைத் திருப்பித் துணியை நகர்த்துவார். மணல்மேடும் மூழ்கிய மரமும் அதில் சிவப்பு மையில் இருக்கும். எந்தக் கேப்டனும் அதை இன்னொருவர் கண்ணில் காட்டியதில்லை. நான் இதை இங்கே கொடுத்தபோது எழுதி வாங்கிய நிபந்தனை ஒன்றுதான்: இந்த ஊரின் ஆற்றுத் துறைமுகப் பகுதி மட்டும் தெரியும், சுருளை யாரும் நகர்த்தக் கூடாது. பித்தளைக் கைப்பிடி இருபத்திரண்டு வருடமாக என் கோட்டுப் பையில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவேன்.

"கார்ட்டர் வளைவு எந்தப் பக்கம் சுத்தியிருக்கு?" என்று கேட்டாள்.

பயணிகள் அந்தப் பேரைக் கேட்பதில்லை. நான் துடைக்கும் துணியை எடுத்துக் கண்ணாடியை மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினேன்.

"என் பேரு ராஸ்லின் ஸ்கர்ரா. கூல்வாலேருந்து வர்றேன். இப்பதான் அந்தப் படகுல போயிட்டு வந்தேன். மைக் பிடிச்ச ஆள் என் தாத்தாவ வச்சு ஜோக் அடிச்சான். நாப்பது பேர் சிரிச்சாங்க."

அந்த ஜோக் எனக்குத் தெரியும். 1919 ஆகஸ்டில் தாத்தாவின் படகு இழுத்துப்போன பாரப்படகு, கார்ட்டர் வளைவில் மூழ்கிய மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. அதில் சுக்கான் பிடித்த டெட் ஸ்கர்ரா கம்பளி மூட்டைகளோடு மூழ்கிப் போனான். ஆற்றைக் குடித்துத் தீர்க்கப் போனவன் என்று படகில் சொல்வார்கள். அவன் குடித்திருந்தான் என்று விசாரணையில் சொன்னவர் என் தாத்தா.

"விசாரணையில முடிவானது," என்றேன். "நூறு வருஷ விஷயம்."

"அவர் மெத்தடிஸ்ட். குடிக்க மாட்டேன்னு சர்ச்சுல கையெழுத்துப் போட்டவர். குடிகாரன் பொண்டாட்டின்னு சொல்லித்தான் என் பாட்டிய இந்த ஊர விட்டு வெரட்டுனீங்க."

"நான் பொறக்கவே இல்லம்மா அப்ப."

"இப்பப் பொறந்துதானே இருக்கீங்க. வளைவுக்கு முன்னாடி கேப்டன் ரெண்டு ஊதல் ஊதணும். அதக் கேட்டுத்தான் பின்னாடி இருக்கிறவர் சுக்கான் திருப்புவார். உங்க தாத்தா ஊதல. மரம் இருக்கறதே தெரியாதுன்னார். வரைபடத்தக் கேட்டதுக்கு நனஞ்சு போச்சுன்னார். நல்லாக் காஞ்சிருக்கே."

நுழைவுச்சீட்டு மேசையிலிருந்து பெவ் எழுந்து வந்தாள். இருபது வருடமாக இங்கே தன்னார்வ வேலை பார்க்கிறவள். பெட்டிச் சாவி அவள் இடுப்பில். "ஒரே ஒரு தடவ திருப்பிக் காட்டிருங்களேன், அலஸ்டர். மரம் இல்லன்னா இந்தம்மா போயிருவாங்க."

"நிபந்தனைய நீயும் படிச்சவதான் பெவ்."

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா அந்த வளைவை விரித்துக் காட்டினார். சிவப்புச் சிலுவை. பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்து, 1919 பிப்ரவரித் தேதியோடு. விபத்துக்கு ஆறு மாதம் முந்தியது. அப்பா எதுவும் சொல்லாமல் சுற்றி வைத்தார். நானும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பேரில் இந்த ஊரில் ஒரு தெரு இருக்கிறது.

"வளைவெல்லாம் வேணாம்," என்றாள் ராஸ்லின். "அந்த ஜோக்க நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்களாம். நான் போயிடறேன்."

அவ்வளவுதான் கேட்டாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் குடி என்ற காரணம் போய்விட்டால், பின்னே ஏன் கவிழ்ந்தது என்று முதல் பயணியே கேட்பான்.

"நிறுத்த ஒண்ணும் இல்ல," என்றேன். "கடைசிப் பஸ் மூணு மணிக்கு."

அவள் போகவில்லை. மறுபடி குனிந்தாள். "இது என்ன?"

துறைமுகத்துக்கு நேரே, நடு ஆற்றில், வெளிறிய ஒரு சிவப்பு. 1956 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது சுருளும் நனைந்தது. "டீக்கறை," என்றேன். கேட்கிற எல்லாரிடமும் அதைத்தான் சொல்வேன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"கறை இல்ல, மரத்தோட குறி. ஆனா இங்க துறைமுகத்துல மரம் ஏது? நான் ஆத்துலயே வளந்தவ," என்றாள். "ஈரத்துல மேல் சுத்துல இருந்த மை இதுல ஒட்டிருக்கு. பக்கத்துல எழுத்து இருக்கு பாருங்க, இடம் வலமா மாறி." பையிலிருந்து முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை எடுத்துப் பெட்டிமேல் சாய்த்துப் பிடித்தாள். உதடு அசைய, எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். "ஆறடி ஆழம். இடது பக்கம். பிப்ரவரி, 1919."

பெவ் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

இத்தனை வருடம் நானே துடைத்துப் பளபளப்பாக்கிய கண்ணாடி. அதனடியில் இருந்ததை நான் படித்ததே இல்லை. ராஸ்லின் கையை என் பக்கம் திருப்பினாள். கையகலக் கண்ணாடியில் முதலில் என் தாடை தெரிந்தது. பிறகு தாத்தாவின் சாய்ந்த எழுத்து, அன்று அப்பா விரித்துக் காட்டிய அதே வரி.

வெளியே பதினொன்றரை மணிப் படகு ஊதியது. ஒருமுறை. இன்னொரு முறை. சக்கரம் தண்ணீரை அடிக்கும் சத்தத்தின் மேல் மைக்கில் அந்தப் பையனின் குரல், கார்ட்டர் வளைவைப் பற்றி. நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஆற்றின் மேலிருந்து சிரிப்பு வந்தது.

என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. உள்ளங்கைச் சூட்டில் பித்தளைப் பிடி வியர்த்திருந்தது.