நாலு இல்லாத எண்ணிக்கை

எங்கள் பல்கலைக்கழகத்து ஒலி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் உறுப்பினர் தனக்கென்று ஒரு சோதனை ஒலி கொண்டுவர வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மைக் சரியாக வாங்குகிறதா என்று பார்ப்போம். எதிர் மேசைக்காரர் தன் நாய் குரைப்பதை வைத்திருக்கிறார். அதற்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

நான் கொண்டுவந்தது என் மகள் மழலையில் எண்ணியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு!" நாலை அப்படியே விழுங்கிவிடுவாள்.

"உங்க பொண்ணுக்கு இன்னும் கணக்கு வரலையா?" என்றார் நாய்க்காரர், நான் சேர்ந்த அன்றே.

"உங்க நாய்க்கு மட்டும் வாய்ப்பாடு வந்துடுச்சாக்கும்?" என்றேன்.

இந்த இடத்துக்காக நான் தவம் கிடந்தேன். கிடைத்தது. மகளையும் அவள் அப்பாவையும் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்து ஒன்றரை வருஷமாகிறது. அன்றிலிருந்து மகராசி போனுக்கே வருவதில்லை.

"வரமாட்டேங்கிறா. குண்டுக்கட்டா தூக்கிட்டு வரவா?" என்பார் போனில் என் வீட்டுக்காரர்.

வெளியே படிக்கட்டில் எந்தக் குழந்தை சிரித்தாலும் எட்டிப் பார்ப்பேன். அவளை ஒருமுறை தொட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருக்கும். ஆனால் இந்த நாற்காலியை விட்டு எழவும் மனசு வராது. என்ன ஜென்மமோ நான்.

அன்று காலை வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவள், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் கைப்பழக்கத்தில் சோதனை ஒலியைத் தட்டிவிட்டேன். "மூணு, அஞ்சு!" என்று அறை முழுக்கக் கேட்டது.

போனுக்குள் யாரோ ஓடிவரும் சத்தம்.

"அய்யய்யோ, நாலை விட்டுட்டேன்! அப்பா, அம்மா இதையா எல்லாருக்கும் போடுறாங்க? மானமே போச்சு!"

அவள் பேச்சில் காற்று கசிவதை வைத்தே முன்பல் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"அம்மா, அதை அழிச்சுடு. இப்ப சரியா சொல்றேன், எடுத்துக்கோ. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆச்சா?"

அந்த நாலு அவ்வளவு சுத்தமாக வந்தது. நான் இல்லாத வீட்டில் கற்றுக்கொண்ட நாலு.

அழுதிருக்கலாம். கொஞ்சியிருக்கலாம். புத்திகெட்டவள், எனக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரிதான் முந்திக்கொண்டாள்.

"போன்ல எடுத்தா சுத்தமா இருக்காதுடி கண்ணு. மைக்கைப் பக்கத்துல வெச்சு நேர்லதான் எடுக்கணும்."

"அப்போ வந்து எடு," என்றாள். "அதுவரைக்கும் பேசமாட்டேன் போ."

போன் அணைந்தது. நாய்க்காரர் என்னைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். நான் ஸ்டாண்டிலிருந்து மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நிலையத் தலைவரிடம் விடுப்பு கேட்கப் போனேன்.