ஒரு பக்கம் அரித்த ரூபாய்

1

இந்தக் கதை இரக்கத்தில் பிறந்ததல்ல, எரிச்சலில் பிறந்தது. 1997இல் சிவாஜிநகரில், ஒரு துணிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் எங்கள் நாணயச் சங்கம் கூடும். நான் அதில் குறிப்பெழுதுபவன். புழங்கித் தேய்ந்த காசை யார் கொண்டுவந்தாலும், அதன் சேதத்துக்குக் காரணம் கண்டுபிடித்து, அச்சடித்த தாளில் எழுதிக் கொடுப்போம். இது ஆணி கீறியது, இது ரயில் ஏறியது, இது புளி போட்டுத் தேய்த்தது. வளர்ந்த ஆண்கள் பதினைந்து பேர் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், மனத்துக்குள்.

முதலில் எழுதிய தொடக்கம்: “மழை தூறிக்கொண்டிருந்த ஞாயிறன்று, ஏழைத் தொழிலாளி ஒருவன் நடுங்கும் கரங்களோடு…”

அடித்துவிட்டேன். அன்று மழையும் இல்லை, அவர் கை நடுங்கவும் இல்லை. நடுங்கும் கரம் என்றால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

2

அவர் பெயர் அய்யாவு. ஆடுகோடியில் ஒரு முலாம் பட்டறையில், ஆசிட் தொட்டியருகே பதினொரு வருடமாக நிற்பவர். [இங்கே அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகளைச் சேர்த்துப் பார்த்தேன். வாசகர் கண்ணைக் கசக்கப் பழைய வழி. எடுத்துவிட்டேன்.] அவர் நீட்டியது ஒரு ரூபாய்க் காசு. சிங்க முகங்கள் இருக்கும் பக்கம் சொரசொரவென்று அரித்து, எழுத்தெல்லாம் மழுங்கியிருந்தது.

“இத எது தின்னுச்சுன்னு எய்திக் குடுங்க சார், போதும்.”

எங்கள் நிபுணர் அனந்தபத்மநாபன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. லென்ஸை வைத்து அரை நிமிடம் பார்த்தார். அரித்த பக்கத்தை மட்டும், திருப்பவில்லை. அப்போது சில பேர் காசை ஆசிட்டில் முக்கி மெலியவைத்து, அச்சடிக்கும்போதே நேர்ந்த அபூர்வப் பிழை என்று சேகரிப்பவர்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரே ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தார். (மற்ற பதினான்கு பேருக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்குப் பெயர் சங்க ஒழுக்கம்.)

“ஆசிட்ல முக்கியிருக்கே. அச்சுப் பிழைன்னு விக்கப் பாக்கறே.”

“விக்க வரல சார். முக்கவும் இல்ல. இது பூஜைக் காசு.”

“சுள்ளு சொல்லாதேப்பா!”

(சுள்ளு என்றால் பொய். எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு அதைக் கன்னடத்தில் சொன்னால்தான் திட்டிய திருப்தி.)

3

அய்யாவு பொறுமையாக விளக்கினார். ஆயுத பூஜையன்று பட்டறையில் ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் ஒரு ரூபாயை மெழுகு உருக்கி ஒட்டுவார்கள், சிங்கம் மேலே தெரியும்படி. அடுத்த பூஜைக்கு அதைப் பெயர்த்துவிட்டுப் புதுக் காசு. பழையது அந்தத் தொட்டியருகே நிற்பவருக்கு.

“ஒரே வருசம் சார். நான் அங்கியே பதினோரு வருசம் நிக்கறேன். படி ஏறினா மூச்சு வாங்குது. டாக்டரு பீடிங்கறாரு, நான் பீடி குடிச்சதே இல்ல. மொதலாளி ஃபேன் போட மாட்டேங்கறாரு. ஆசிட் ஆவிதான் தின்னுச்சுன்னு ஒரு வரி எய்திக் குடுத்தீங்கன்னா, ரெண்டு பேருகிட்டயும் காட்டுவேன்.”

அவர் பேசும்போது நான் காசைத் திருப்பினேன். கதிரும் எண்ணும் ஆண்டும் புதுக்காசு போல இருந்தன. முக்கியிருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்கும். மெழுகில் ஒட்டியிருந்த பக்கம் பிழைத்திருக்கிறது. இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம், கண் போதும்.

அனந்தபத்மநாபன் தாளில் எழுதினார்: “வேண்டுமென்றே அமிலத்தில் முக்கப்பட்டது.” சீல் வேறு குத்தினார்.

அய்யாவு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் திருப்பியதை அவர் கவனித்திருந்தார். நான் குறிப்பேட்டில் குனிந்து எழுதினேன்: “மோசடி முயற்சி ஒன்று முறியடிக்கப்பட்டது. பிறகு தேநீர்.”

அவர் காசை எடுத்துக்கொண்டு, தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

4

முடிவுகள்.

அ) நான் படிக்கட்டில் ஓடி அவரைப் பிடித்து, சரியான தாளை எழுதிக் கொடுக்கிறேன். நடக்கவில்லை. தேநீர் ஆறிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆ) அவர் இறந்துபோகிறார், நான் அழுகிறேன். வெட்கங்கெட்ட முடிவு. அவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவே இல்லை. ஆடுகோடி ஒன்றும் அமெரிக்காவில் இல்லை.

இ) அனந்தபத்மநாபன் மனம் திருந்தி, ஒரு நாள் பட்டறைக்கே… (சிரிப்பு வருகிறது. விட்டுவிடுகிறேன்.)

நான்காவது உங்களுடையது. என் நாற்காலியில் உட்காருங்கள். காசு உங்கள் கையில் இருக்கிறது, திருப்பியும் பார்த்துவிட்டீர்கள். அடுத்த மாதம் சங்கத் தேர்தல். உங்களைச் செயலாளராக்குவதாகச் சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சீலைத் தேடுகிறார். எதிரே அய்யாவு, வாயால் மூச்சு விட்டபடி நிற்கிறார். உங்கள் வாய் திறக்குமா?

“கட்டாயம் திறக்கும்” என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அன்று காலை மாடிப்படி ஏறும்வரை நானும் என்னை நல்லவன் என்றுதான் நினைத்திருந்தேன்.