ஒரே தடவை கட்டுகிற திட்டம்

சாவித்திரி நன்னிலத்தில் சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அரிசி மூட்டை இரண்டு கிலோ குறைந்திருந்தால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளைத்தான் நிதி ஆலோசகர் தமிழரசன் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்து ஏமாற்றினான்.

புறவழிச்சாலைக்கு அவளுடைய வயல் போனது. அதற்குக் கிடைத்த பணத்தில் ஐந்து லட்சத்தை, ஒரே தடவை கட்டினால் போதும் என்று சொல்லி ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் போட வைத்தான். மறு வருடம் குறுவை நடவு நேரத்தில் கைபேசிக்குச் செய்தி வந்தது. இரண்டாம் தவணை ஐந்து லட்சம். இப்படி ஐந்து வருடம் கட்ட வேண்டுமாம்.

தமிழரசனுக்குப் போன் செய்தாள்.

"பதறாதீங்க மேடம். என்னை உங்க புள்ள மாதிரி நினைச்சுக்கோங்க" என்றான்.

அவளுக்கு இரண்டும் பெண்கள். இப்படிப் பேசுகிற பிள்ளை ஒருவன் இருந்திருந்தால் பத்து வயதிலேயே விடுதியில் தள்ளியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாடிக்கையாளர்களை எல்லாம் அழைத்தான். 'நம்பிக்கையே மூலதனம்' என்று பேனர் கட்டி, அதில் கைகூப்பிய அவன் படத்தைப் போட்டிருந்தார்கள். சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தான். வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும், அவர்கள் வீட்டு நல்லது கெட்டது கேட்க வேண்டும் என்று மேடையில் அடுக்கினான். மாட்டுத் தரகன்கூட இவ்வளவு வெளிப்படையாகத் தொழில் ரகசியத்தைச் சொல்லமாட்டான்.

சாவித்திரி எழுந்தாள். அவனிடம் வேலை பார்க்கும் வானதி மைக்கை அவளிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"ரெண்டாவது தவணை கட்டலன்னா எனக்கு எவ்வளவு திரும்ப வரும்?"

"மேடம், அதை நாம தனியா பேசிக்கலாமே."

"தனியாப் பேசித்தான தம்பி இங்க வந்து நிக்கிறேன். தொகையச் சொல்லுங்க."

"முதலீடுன்னா ஒரு நீண்டகாலப் பார்வை வேணும்…"

"எனக்கு வயசு அறுபத்திரண்டு."

யாரோ சிரித்தார்கள். தமிழரசன் தண்ணீர் குடித்தான். பக்கத்தில் நின்ற வானதி மெல்லச் சொன்னாள். மைக் அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

"பெருசா ஒண்ணும் வராதும்மா. ஃபாரத்துல அஞ்சு வருஷம்னுதான் போட்டிருக்கு. நாந்தான் நிரப்பினேன். உங்ககிட்ட சொல்லல."

நாலைந்து பேர் எழுந்து தங்கள் திட்டத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். கண்ணைப் பார்க்கச் சொன்னவன் யார் கண்ணையும் பார்க்காமல், பந்தி தயார் என்று அறிவித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான்.

அன்று மாலையே வானதிக்கு வேலை போயிற்று. ஒரு வாரம் கழித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு நன்னிலம் வந்தாள். சாவித்திரி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டுதான இருந்த?"

"ஆமாங்க."

"ஏன்?"

"சம்பளம் போயிடும்னு பயம்."

அந்த ஆபீஸிலிருந்து சாவித்திரி கேட்ட இரண்டாவது நேரான பதில் அது. முதலாவதும் இவள் மண்டபத்தில் சொன்னதுதான். நாற்காலியைக் காட்டினாள். இருவரும் உட்கார்ந்து கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். சாவித்திரி கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு, "தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள் வானதி. மறுநாள் காலை போன் செய்து சொல்லவும் செய்தாள்.

நாலு மாதத்தில் கம்பெனி முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அந்த வாரமே தமிழரசனிடமிருந்து செய்தி வந்தது: எங்கள் சேவை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போடவும். சாவித்திரி அதை வீட்டுக்கு வந்திருந்த வானதிக்குப் படித்துக் காட்டிவிட்டு அழித்தாள்.

"காச போஸ்டாபீஸ்ல போட்டுக்கிறேன். உன்கிட்ட குடுக்கமாட்டேன்" என்றாள்.

"குடுக்க வேணாங்க."

"காகிதம் ஏதாவது வந்தா படிச்சு வெவரம் சொல்லணும். என்ன கூலி கேக்குற?"

வானதி யோசித்து, "தடவைக்கு ஐநூறுங்க" என்றாள்.

"சரி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடணும்" என்றபடி, மகள் அனுப்பியிருந்த மருத்துவக் காப்பீட்டுத் தாள்களை எடுத்துவர உள்ளே போனாள்.