மோட்சத்துக்கு இ-பாஸ்

ததேயுஸ் எழுதிய நாடகத்தில் செத்துப்போன ஒருவன் மோட்ச வாசலுக்குப் போகிறான். அங்கே பேதுரு முகக்கவசத்தோடு நின்று இ-பாஸ் கேட்கிறார். கூட்டம் கூடக் கூடாது என்பதால் இந்த வருஷம் மேடை இல்லை. கல்லறைத் திருநாளுக்கு யூடியூபில் போட்டுவிடலாம் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். வேடம் கட்டியவர்கள் அவரவர் மொட்டைமாடியில் நின்று போனில் எடுத்து அனுப்ப, ததேயுஸ் அதை ஒட்டிச் சேர்த்தார். பாக்கி இருந்தது சவ ஊர்வலம் மட்டும்.

அதை மீன்காரி பேபியின் தெருவில்தான் எடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு வேறு வழி கிடையாது. அங்கேதான் ததேயுஸுக்குச் சிக்கல். ஆகஸ்டில் பேபியின் புருஷன் ராஜகுமார் கொரோனாவில் போனபோது, பெட்டி தூக்க நாலு பேர் வேண்டுமென்று அவள் தெருவில் நின்று கூப்பிட்டாள். தனக்குச் சுகர் இருக்கிறது என்று ததேயுஸ் ஜன்னலைத் திறக்காமலே சொன்னார். சிலுவைதாசன் உட்பட ஊரில் வேறு யாரும் வெளியே வரவில்லை. கடைசியில் ஆம்புலன்சில் வந்த, ஊர் பேர் தெரியாத இரண்டு பேர் பெட்டியைக் கயிறு கட்டிக் குழியில் இறக்கினார்கள். துக்கமணிகூட அடிக்கவில்லை. இதெல்லாம் தெரிந்த மனுஷன் வேறு கதை எழுதியிருக்கலாம். பேபி மீன் விற்கப் போகும் நேரம் பார்த்து எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். பெரிய கெட்டிக்காரர்.

அன்றைக்குப் பார்த்துப் போலீஸ் வந்து சந்தையைக் கலைத்துவிட்டது. சிலுவைதாசனும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தோளில் வைத்து நடக்க, பின்னால் ததேயுஸ் போனைப் பிடித்துக்கொண்டு வர, படத்துக்காகக் கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. அப்போது பேபி திரும்பி வந்தாள். மீன் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தாள். சேலையை முக்காடு போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் ஜெபம் சொல்லியபடி நடந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான், செத்தது யார் என்று கேட்டாள்.

"நாடகம் மக்கா," என்றார் ததேயுஸ். "பெட்டியில ஆளில்ல."

பெட்டியைத் தூக்கி நின்ற நாலு பேரையும் பேபி ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிலுவைதாசன் முகக்கவசத்தைக் கண் வரை இழுத்துவிட்டான்.

"தூக்கினது தூக்கியாச்சு," என்றாள். "எனக்க ஆளுக்க குழி வரைக்கும் கொண்டு வாங்க அண்ணே."

மறுக்க யாருக்கும் முகமில்லை. ராஜகுமாரின் குழிமேட்டருகே பெட்டியை இறக்கினார்கள். ததேயுஸ் ஜெபத்தைத் தொடங்கினார். பாதியில் தடுமாறினார். பேபியே சொல்லி முடித்தாள். குழிமேட்டில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். தன் வாழ்நாளில் ததேயுஸ் இத்தனை கூசிப்போனதில்லை.

அடக்கம் முடிந்தால் வீட்டு ஆட்கள் கல்லறை வாசலில் நின்று, வந்தவர்களைக் கைகூப்பி அனுப்புவது ஊர் வழக்கம். பேபி போய் வாசலில் தனியாக நின்றாள். வெளியே வந்த நாலு பேருக்கும் கைகூப்பினாள். ததேயுஸ் குழியருகிலேயே தலைகுனிந்து நின்றார். கூப்பிய கையை இறக்காமல் அவள் அவருக்காகக் காத்து நின்றாள்.