சோலைமலை என்னும் பெயர்

பனி முகடுகளை விட்டிறங்கி, தேயிலை நிரைகளின்மேல் வெண்துகில் போலப் படிந்து, பள்ளத்தில் ஓடும் ஆற்றின் ஒலியையும் மூடிவிட்ட வைகறைப் பொழுது. அக்கரப்பத்தனைக்கு மேலே, மலையின் தோளில் ஒட்டியிருந்த தோட்டமொன்றில், கொம்பொலி கேட்டதும் குளிரில் ஒடுங்கிய மாந்தர் கம்பளியைத் தலையில் போர்த்தபடி, ஆள் அழைக்கும் திடலில் வந்து நின்றனர். இலங்கை விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அம்மாந்தரோ நாடற்றவர் என்னும் சொல்லைச் சுமக்க அதற்குள் பழகியிருந்தனர்.

அவர்களுள் சோலைமலை என்பான் இன்னொரு சொல்லையும் சுமந்தான். முந்தைய மழைக்காலத்தில், பிள்ளை பெற்றுக் கிடந்த மனைவியின்மேல் கூரை ஒழுகுவது பொறாது, தொழிற்சாலையின் பின்னே துருவேறிக் கிடந்த தகரமொன்றை எடுத்து வேய்ந்தான், அகப்பட்டான். வழக்குமன்றத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குரிய சொல்லால், அவனை எதிரி என்றனர். அச்சொல் மன்றத்தின் வாயிலோடு நின்றது. சிறையில் கைதி என்றனர். அதனைச் சிறையுடையோடு கழற்றிக் கொடுத்து மீண்டான். தோட்டத்தில் இட்ட சொல்லுக்கோ வாயிலும் இல்லை, கழற்றும் உடையும் இல்லை.

"களவாணி!" என்றழைத்தான் கங்காணி செல்லசாமி.

விடை தராதவனுக்கு அன்று வேலை இல்லை என்பது திடலின் முறை. முந்தைய நாள் அவ்வாறே வெறுங்கையோடு திரும்பியிருந்தான் சோலைமலை.

"எம் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க கங்காணி, வர்றேன்."

"பேரா? அத நீ ஜெயில்லயே வச்சிட்டு வந்திட்டேன்னுல்ல நெனச்சேன்! யாருக்காச்சும் இவன் பேரு தெரியுமாப்பா?"

"தகரம்னு கூப்பிடுங்க, திரும்பிப் பாப்பான்!" என்றது பின்னிருந்து ஒரு குரல்.

திடல் சிரித்தது. சிரியாதவர் தரையைப் பார்த்தனர். பெண்கள் நிரையில், கைக்குழந்தையோடு நின்றாள் அவன் மனைவி மீனம்மா. கணவன் பெயரை நாவால் தீண்டாத மரபில் வந்தவள். அப்பெயரில் மலை இருந்தமையால், மலைகளின் நடுவே வாழ்ந்தும் அவற்றை மேடு என்றே சொல்லி வந்தவள். அவள் வாய் திறந்தாள்.

"சோலைமலை! அவுக பேரு சோலைமலைங்க!"

சிரிப்பு அறுந்தது. அருகில் நின்ற அழகம்மா தன் வாயைப் பொத்தினாள். "அடிப்பாவி, புருசன் பேரச் சொல்லிட்டியே! அவன் ஆயுசு கொறையும்டி!"

செல்லசாமி மீனம்மாவைப் பார்த்தான். பின்னர் அவள் கணவன் பக்கம் திரும்பினான். "இன்னைக்கி ஒம் பொண்டாட்டிக்கும் வேல வேணுமா, வேண்டாமா?" என்றான். மீண்டும், குரலை உயர்த்தாமலே, "களவாணி" என்றான்.

சோலைமலை குழந்தையைப் பார்த்தான்.

"இருக்கேங்க."

அவனை உச்சியில் மழைநீர் வடியும் கான் வெட்ட அனுப்பினர். அவள் குழந்தையைப் பிள்ளை காக்கும் கிழவியிடம் விட்டு, கூடையோடு கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறினாள். தன் சொல்லால் அவன் வாணாள் குறையுமோ என்றஞ்சி, அப்பெயரை அவள் மறுமுறை உரைக்கவில்லை. அவனும் எவரிடமும் அதனைக் கேட்கவில்லை.

படிப்பவரே, அரசு இட்ட தண்டனைக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. குழந்தை வளர்ந்து, மழலை தெளிந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடும் பருவம் எய்தியபோது, பிள்ளைகளைக் காக்கும் கிழவி, "ஒங்கப்பா பேரு என்னாடி கண்ணு?" என்று கேட்டாள். எல்லாரும் அழைக்கக் கேட்டிருந்த ஒரே சொல்லை, நாணமோ துயரோ சிறிதும் இன்றி, முகம் மலரச் சொன்னது குழந்தை.