வலிக்காத கால்

காலுறையைத் துவைக்க எடுத்தபோதுதான் மகள் அதைப் பார்த்தாள். பெருவிரல் படும் இடத்தில் மஞ்சளும் சிவப்புமாய்க் காய்ந்த கறை. அம்மாவை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே நாணயம் அளவுக்குத் தோல் பிளந்து குழி விழுந்திருந்தது. லேசான நாற்றம் வேறு.

"இது எப்பம்மா ஆச்சு?"

"எது?" என்றாள் அம்மா.

மகள் குழியின் ஓரத்தை விரலால் அழுத்தினாள். அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அம்மா ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். கால் நெருப்பாய் எரிகிறது என்று அழுதபோது ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் மாத்திரை எழுதித் தள்ளினார்கள். பாதத்தை மரக்கட்டையால் அழுத்தி வைத்தியம் பார்க்கும் பாத வைத்தியரோ அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் அவள் கதையைக் கேட்டார். அந்தக் கரிசனத்தில்தான் அம்மா விழுந்தாள். பாதத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உடம்புக்குள் ஓர் உறுப்பு. புள்ளி வலித்தால் அந்த உறுப்பில் கோளாறு, வலி போனால் கோளாறும் போச்சு என்பார் அவர். மூன்றே மாதத்தில் எரிச்சல் நின்றது, வலியும் நின்றது. மாத்திரையை அம்மா நிறுத்திவிட்டாள். மகளிடம் மூச்சு விடவில்லை.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"போனா வெட்டிடுவாங்க. எங்கூடத் துணி மடிக்கிறவளுக்கு என்ன ஆச்சு? விரலைக் காட்டப் போனா, முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்லாம வந்தா. வைத்தியர் சொல்லட்டும், வரேன்."

"நான் சொன்னா ஆகாதா?"

"நீ படிச்சது சோப்புத் தண்ணியைச் சோதிக்கிற படிப்புடி. காலைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

குடும்பத்திலேயே முதல் ஆளாய் வேதியியல் பட்டம் வாங்கியவளுக்கு வீட்டில் இருந்த மரியாதை இவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவை வைத்தியரிடமே கூட்டிப்போனாள்.

பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். புண்ணைப் பார்த்ததும் வைத்தியர் முகத்தில் ஈயாடவில்லை.

"கட்டையால அழுத்தினீங்களா சார்?" என்றாள் மகள்.

"அவங்கதான் இன்னும் அழுத்துங்கன்னாங்க. முகம்கூடச் சுளிக்கலம்மா."

"சுளிக்கிறதுக்கு உணர்ச்சி இருக்கணுமே. அவங்க கண்ணை மூடட்டும். நீங்களே தொட்டுக் கேளுங்க."

அம்மா கண்ணை மூடினாள், எல்லாப் பதிலும் மனப்பாடம் ஆனவளைப் போல. வைத்தியர் சிறுவிரலைக் கட்டையால் தொட்டார்.

"எங்கம்மா?"

"பெருவிரல்."

அவர் கட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இப்போ?"

"குதிகால்."

பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வைத்தியர் அவர்களை ஒரு தடவை பார்த்தார்.

"சரிதாம்மா," என்றார்.

மகளுக்கு அந்தக் கட்டையைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே போடத் தோன்றியது. ஆனால் கை தானாகக் கும்பிட்டது. "சார், கெஞ்சிக் கேக்கறேன். என் பேச்சு அவங்ககிட்ட எடுபடாது. நீங்க சொன்னாத்தான் வருவாங்க."

மகள் யாரிடமும் கெஞ்சுவதை அம்மா இதுவரை கேட்டதே இல்லை. கண்ணைத் திறந்தாள். அவர் மடியில் கிடந்த கட்டையைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

"தொடவே இல்லையாய்யா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்கம்மா. இன்னைக்கே."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா கையுறையை மாட்டியபடி, "செத்த சதையை எடுக்கப்போறேன். வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திட்டு ஊசி போடறேன். அடியில எலும்பு நல்லா இருந்தா மருந்திலேயே பாத்துக்கலாம்," என்றார்.

"ரொம்ப வலிக்குமாடி?"

வலிக்கணும்மா என்று வாய்வரை வந்தது. மகள் அதை விழுங்கினாள். படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, ஒரே ஒரு அலறல், ஒரு "ஐயோ" கேட்டால் போதும் என்று நின்றாள்.

கத்தி உள்ளே போனது. கறுத்த தோல் துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது. பஞ்சு நனைந்தது, இன்னொரு பஞ்சும் நனைந்தது. அம்மா கையைத் தூக்கவில்லை. கத்தி முனை எலும்பில் தட்டி நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்டி காக்கவைப்பாங்க?" என்றாள். "எப்பத்தான் ஆரம்பிப்பாங்க?"