இடது கெண்டைக்கால்

எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டுதான் ஜுனைட் அந்தக் காலைத் தொட்டான். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

பத்து வருடமாக ஓட்டக்காரர், பந்தடிப்பவர் என்று எத்தனையோ பேரைப் பிடித்துவிட்ட கை அது. தசைப்பிடிப்பு என்றால் விரலுக்குக் கீழே உருளும். இது உருளவில்லை. இடது கெண்டைக்கால் முழுவதும் சுட்டது, தோல் வீங்கி மினுங்கியது. அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்தான். வலது முப்பத்தாறு சென்ரிமீற்றர், இடது நாற்பது. பெருவிரலால் அமுக்கினான், குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவே இல்லை.

“நடக்கக்குள்ள நோகுது மச்சான். பிளேன்ல வந்த களைப்பு. நல்லா அமுக்கி விடுங்க,” என்றான் கட்டிலில் குப்புறக் கிடந்த றிஸ்கான்.

றிஸ்கான், ஜுனைட்டின் மனைவி நஸ்லியாவுக்கு ஒரே தம்பி. இன்றைய உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் விளையாடவென்றே கட்டாரிலிருந்து வந்திருந்தான். மலிவு டிக்கெட், இரண்டு இடத்தில் விமானம் மாறி, பிறகு கட்டுநாயக்காவிலிருந்து வேன். முப்பது மணித்தியாலம் மடக்கியே வைத்திருந்த கால் அது.

ஜுனைட் கையைத் துடைத்தான். “இது களைப்பு இல்லடா. உள் நரம்புல ரெத்தம் உறைஞ்சி கட்டியிரிக்கி போல. நான் அமுக்கினா அது கழண்டு நெஞ்சுக்குப் போகும், மூச்ச அடைச்சிரும். எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“மெச் முடியப் போவம் மச்சான். இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா லீவு சேத்தன்.”

“ஓடவும் ஏலா, ஆரும் பிடிக்கவும் ஏலா. சொல்லிட்டன்.”

வாசலில் வாகனத்தோடு காத்திருந்த கழகத் தலைவர் பளீல் ஹாஜியார் உள்ளே வந்தார். “ஓஹோ! மருதமுனையார்ட வைத்தியம் வேற எப்பிடி இரிக்கும்?”

கேட்டீர்களா கதையை! போட்டி கல்முனைக்குடிக்கும் மருதமுனைக்கும்தான். ஜுனைட் பிறந்தது மருதமுனை. ஆண்பிள்ளை பெண் வீட்டில் வாழப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். அப்படிக் கல்முனைக்குடிக்கு வந்து பதினொரு வருடம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்று, இந்த ஊர்ப் பிள்ளைகளின் காலைப் பிடித்தவன், பந்து உருளும் நாளில் மட்டும் மருதமுனையான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதையாவது பொறுக்கலாம்.

தேநீரோடு வந்த நஸ்லியா மெல்லக் கேட்டாள். “உண்மையச் சொல்லுங்க. உங்கட ஊர் தோத்துரும் எண்டா இப்பிடிக் கதைக்கிறீங்க?”

ஜுனைட் அவள் பக்கம் திரும்பினான். “அவன் எனக்கும் தம்பிதான் நஸ்லியா. அல்லாவுக்காக அவன மறி.”

அவள் தம்பியைப் பார்த்தாள், ஹாஜியாரைப் பார்த்தாள். மறிக்கவில்லை. “வா மகன், நானே பிடிச்சு விடுறன்,” என்று ஹாஜியார் அவனைக் கையோடு கூட்டிப்போனார். கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜுனைட் மைதானத்துக்கு ஓடினான். கொட்டகைக்குள் ஹாஜியார் தைலத்தைக் கொட்டி, மாப் பிசைவது போல அந்தக் காலைப் பிசைந்துகொண்டிருந்தார். “விடுங்க ஹாஜியார்!” என்று கையைப் பிடித்து இழுத்தான். கழகத்துப் பையன்கள் நாலு பேர் அவனைத் தூக்கி வெளியே விட்டார்கள். கல்முனைக்குடிப் பக்கம் யாரும் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. மருதமுனைப் பக்கம் போய் நின்றான். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தொண்ணூறு நிமிடமும் அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. அந்த இடது காலையே பார்த்துக்கொண்டு, தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினான். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அதே காலால் றிஸ்கான் அடித்தான். கோல்.

வெடி கொளுத்தி, தோளில் சுமந்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நஸ்லியா அழுதுகொண்டே தம்பியைக் கட்டிப்பிடித்தாள். அவன் மசாஜ் கட்டிலில் வந்து சாய்ந்தான்.

“பாத்தீங்களா மச்சான்? கால் நோவு போன இடம் தெரியல்ல. நீங்க வீணாத்தான் பயந்தீங்க.” வாயைத் திறந்து காற்றை இழுத்தான். “மூச்சு எடுக்கத்தான் ஏலாம இரிக்கி.”

“ஓடின ஓட்டத்துக்கு மூச்சு வாங்காதா?” என்றார் ஹாஜியார். எல்லாரும் சிரித்தார்கள். நஸ்லியாவும் சிரித்தாள்.

ஜுனைட் அவன் உதட்டைப் பார்த்தான். நாவல்பழம் தின்ற நிறம்.

“வாகனத்த எடுங்க ஹாஜியார்! இப்பவே எடுங்க!”

ஹாஜியார் வாகனத் திறப்பை விரலில் சுழற்றினார். “தோத்ததுக்கு இவ்வளவு கோவமா மருதமுனையாரே?”

மறுபடியும் சிரிப்பு. றிஸ்கானும் சிரிக்கத்தான் பார்த்தான். அது பாதியில் நின்றது. ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் மச்சானின் கையைத் தேடினான்.